காந்தத்தை வாங்கலாம், தலைவரை வாங்க முடியுமா?



ஒரு பல்கலைக்கழகம், மனித மூளையைப் படம் பிடித்து ஆராயும் மையம் ஒன்றைத் தொடங்கப் போகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். முதலில் என்ன நடக்கும்? அடிக்கல் நாட்டு விழா நடக்கும். அமைச்சர் வருவார். பொன்னாடை போர்த்துவார்கள். பல கோடி ரூபாயில் ஸ்கேன் இயந்திரம் வாங்க டெண்டர் விடுவார்கள். கட்டடத்தின் நெற்றியில் யார் பெயரைப் பொறிப்பது என்று மூன்று கூட்டம் போடுவார்கள். எல்லாம் முடிந்த பிறகு யாராவது ஒருவர் மெல்லக் கேட்பார்: "இந்த மையத்தை நடத்தப் போவது யார்?"

"அதை அப்புறம் பார்த்துக் கொள்ளலாம்!"

இந்த 'அப்புறம்' இருக்கிறதே, அதுதான் நோய்! அப்புறம் என்ன ஆகும்? ஓய்வு பெற இரண்டு ஆண்டு இருக்கும் மூத்தவர் ஒருவருக்குக் 'கூடுதல் பொறுப்பு' தரப்படும். அல்லது நிர்வாகத்துக்கு வேண்டியவர் ஒருவர் நாற்காலியில் அமர்த்தப்படுவார். இயந்திரம் ஓடும். மின்கட்டணம் ஓடும். ஆராய்ச்சி மட்டும் ஓடாது!

"இது பேராசிரியர்கள் விவகாரம். மளிகைக் கடை வைத்திருக்கும் எனக்கு இதில் என்ன வேலை?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். உங்கள் நன்கொடை இதில் இருக்கிறது. உங்கள் பிள்ளையின் படிப்பு இதில் இருக்கிறது. என்றாவது ஒரு நாள் விசாரணை அறையில் உங்கள் வீட்டுப் பிள்ளையின் மானமும் இதில் இருக்கலாம். எப்படி என்பதைத் தொடர்ந்து படியுங்கள்.

இயந்திரம் தானாகப் பேசாது

எம்.ஆர்.ஐ. இயந்திரம் என்பது அடிப்படையில் ஒரு பெரிய காந்தம். 3 டெஸ்லா வலிமையுள்ள காந்தம் என்றால், பூமியின் காந்த சக்தியைப் போல் சுமார் 60 ஆயிரம் மடங்கு. அதன் கம்பிச் சுருளை மைனஸ் 269 டிகிரி குளிரில் திரவ ஹீலியத்துக்குள் வைத்திருக்க வேண்டும்.

இந்தக் காந்தத்தை வைத்து மூளை வேலை செய்வதை எப்படிப் பார்க்கிறார்கள்? மூளையின் ஒரு பகுதி சுறுசுறுப்பாக இயங்கும்போது, அங்கே ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. ஆக்சிஜன் உள்ள இரத்தத்துக்கும் இல்லாத இரத்தத்துக்கும் காந்த இயல்பில் வேறுபாடு உண்டு. இதைப் படமாக்க முடியும் என்று 1990ல் எடுத்துக் காட்டியவர் செய்ஜி ஒகாவா என்ற ஜப்பானியர். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர்.

ஆக, நீங்கள் பத்திரிகையில் பார்க்கும் அந்தச் சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் சிந்தனையின் புகைப்படம் அல்ல. இரத்த ஓட்டத்தில் ஏற்படும் மிகச் சிறிய மாற்றத்தைக் கணக்குப் போட்டு வரைந்த படம். கணக்கைப் போடுவது மனிதர்கள். கேள்வியைத் தீர்மானிப்பதும் மனிதர்கள். அந்த மனிதர்களைத் திரட்டி, வழிநடத்தி, தவறும்போது தடுத்து நிறுத்த ஒரு தலைவர் வேண்டாமா?

கொரியாக்காரர்கள் என்ன செய்தார்கள்?

தென்கொரியாவில் இன்சியான் என்ற துறைமுக நகரம். அங்கே 1958ல் சிறிய மகப்பேறு மருத்துவமனையாகத் தொடங்கியவர் லீ கில் யா என்ற பெண் மருத்துவர். அது பெரிய மருத்துவமனையாக வளர்ந்தது. அதன் தொடர்ச்சியாகக் காச்சோன் மருத்துவப் பல்கலைக்கழகம் வந்தது. சியோல் தலைநகரில் இருந்த பழம்பெரும் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டால் நேற்று முளைத்த காளான்!

அந்தப் புதிய நிறுவனம் மூளை ஆராய்ச்சி நிலையம் தொடங்க நினைத்தபோது யாரைத் தேடியது? 'கையில் இருக்கிற ஆளே போதும்' என்று அமர்ந்திருக்கவில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் இருந்த சோ சாங் ஹீ என்பவரை 2004ல் அழைத்து வந்தது. 1936ல் பிறந்த கொரியர். ஸ்வீடனில் முனைவர் பட்டம் பெற்றவர். உடலுக்குள் செலுத்தப்படும் கதிரியக்கப் பொருளை வைத்துப் படமெடுக்கும் 'பெட்' ஸ்கேன் இயந்திரத்தை வட்ட வளைய வடிவில் 1970களிலேயே உருவாக்கியவர்களுள் முன்னோடி.

வந்தபோது அவருக்கு வயது 68! நம்மூரில் என்றால் வழியனுப்பு விழா நடத்தி, சால்வை போர்த்தி வீட்டுக்கு அனுப்பியிருப்போம். அவர்களோ ஒரு நிலையத்தையே கையில் கொடுத்தார்கள். 7 டெஸ்லா காந்தத்தையும் பெட் ஸ்கேனையும் இணைத்து, ஒரே ஆளின் மூளையை இரண்டிலும் படமெடுக்கும் அமைப்பை அவரது குழு உருவாக்கி 2008ல் வெளியிட்டது.

அதே 2008ல் இன்னொன்று நடந்தது. முன்னே சொன்னோமே, செய்ஜி ஒகாவா? அவரே காச்சோன் நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்! இதைத்தான் கவனிக்க வேண்டும். தகுதியான ஒருவரை அழைத்தால், அவரை நம்பி இன்னொருவர் வருவார். தகுதியில்லாதவரை அமர்த்தினால், இருக்கிற நல்லவர்களும் மூட்டை கட்டுவார்கள். சந்தையில் கடை வைத்திருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா? நாணயமான மண்டிக்குச் சரக்கு தானே தேடி வரும்.

"நம்ம ஆளா?" என்று கேட்டார்களா?

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். குளிர் மிகுந்த வடக்கு மாநிலம். அங்கே காந்தப் படவியல் மையம் 1991ல் அமைந்தது. தலைமை ஏற்றவர் காமில் உகுர்பில். துருக்கியில் தீரே என்ற ஊரில் பிறந்தவர். இஸ்தான்புல்லில் படித்து, பிறகு நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் வேதி இயற்பியலும் கற்றவர்.

அந்த மாநிலத்து மக்கள் பெரும்பாலும் ஜெர்மானிய, ஸ்காண்டிநேவிய வழிவந்தவர்கள். 'துருக்கிக்காரனுக்கா இந்தப் பதவி?' என்று கேட்டு அவரை ஒதுக்கியிருந்தால் இழப்பு யாருக்கு? 1992ல் மனித மூளை இயங்குவதை இம்முறையில் படமெடுத்து உலகுக்குக் காட்டிய முதல் மூன்று குழுக்களுள் ஒன்று, ஒகாவாவும் உகுர்பில்லும் சேர்ந்து மின்னசோட்டாவில் நடத்திய குழு. 2010ல் மூளையின் இணைப்புப் பாதைகளை வரைபடமாக்கும் மாபெரும் திட்டத்தை அமெரிக்க அரசு, செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துடன் மின்னசோட்டாவையும் சேர்த்து ஒப்படைத்தது.

இங்கே நாம் என்ன செய்கிறோம்? விண்ணப்பத்தைப் பிரிக்குமுன்பே எந்த ஊர், எந்தச் சாதி, எந்தக் குடும்பம், யார் சிபாரிசு என்று கேட்கிறோம். அடுத்தவர் நம் பிள்ளைகளை இப்படி ஒதுக்கும்போது கொதிக்கிறோம், கொதிக்க வேண்டியதுதான்! ஆனால் நமது அறக்கட்டளைகள் நடத்தும் கல்லூரிகளில் முதல்வர் பதவிக்கு ஆள் எடுக்கும்போது நாமும் அதே கேள்வியைக் கேட்டால், நம் கொதிப்புக்கு என்ன மரியாதை? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்!

காலித் தராசை நிறுத்திப் பார்ப்பவர் வேண்டும்

சரி, புகழ்பெற்றவராக இருந்தால் போதுமா? போதாது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

2009ல் அமெரிக்க ஆய்வாளர் கிரேக் பென்னட்டும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். செத்துப்போன ஒரு சால்மன் மீனை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் வைத்தார்கள். அதற்கு மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். 'இந்த மனிதர் என்ன உணர்ச்சியில் இருக்கிறார்?' என்று செத்த மீனிடம் கேட்டார்கள்! வழக்கமான ஒரு திருத்தத்தைச் செய்யாமல் கணக்குப் போட்டதில், மீனின் மூளையில் சில புள்ளிகள் 'வேலை செய்வதாக' வந்தன. திருத்தத்தைச் செய்ததும் புள்ளிகள் மறைந்தன. சிரிக்காதீர்கள்! இலட்சக்கணக்கான புள்ளிகளைச் சோதிக்கும்போது சிலவேனும் தற்செயலாக மின்னும் என்ற உண்மையைச் சொல்லத்தான் அவர்கள் இதைச் செய்தார்கள்.

வியாபாரிகளே, இது காலித் தராசு சோதனை. தட்டில் எதுவும் வைக்காதபோதே முள் சாய்கிறது என்றால் அந்தத் தராசில் நிறுத்த சரக்கை யார் நம்புவார்?

2016ல் ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடுத்த உண்மையை உடைத்தார்கள். உலகம் முழுவதும் பயன்படுத்திய மூளைப்பட மென்பொருள்களின் சில கணக்கு முறைகளில், 100க்கு 5 தடவை வர வேண்டிய பொய் முடிவு, மோசமான நிலையில் 70 தடவை வரை வந்தது. 2020ல் இன்னொன்று: ஒரே மூளைப்படத் தரவை 70 குழுக்களிடம் கொடுத்து ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். இரண்டு குழுக்கள்கூட அச்சு மாறாமல் ஒரே வழியில் கணக்குப் போடவில்லை. பல கேள்விகளுக்கு முடிவுகளும் வேறுபட்டன.

இதனால் இந்த அறிவியலே பொய் என்று ஆகிவிடுமா? ஆகாது. தவறைக் கண்டுபிடித்தவர்களும் இதே துறை அறிஞர்கள்தாம். எப்படி முடிந்தது? கணக்கு முறைகள் திறந்து கிடந்தன. லண்டனில் கார்ல் பிரிஸ்டன் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய மென்பொருள் எல்லோருக்கும் இலவசமாகத் தரப்பட்டது. ஸ்வீடன் ஆய்வாளர்கள் சோதித்தவற்றுள் அதுவும் ஒன்று. பூட்டி வைத்திருந்தால் அதன் குறை இன்றும் தெரிந்திருக்காது.

ஆகவே தலைவரைத் தேடும் குழு முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'எத்தனை கட்டுரை எழுதினீர்கள்?' என்பதல்ல. 'உங்கள் சொந்த முடிவு தவறு என்று எப்போதாவது நீங்களே அறிவித்ததுண்டா? உங்கள் மாணவர் உங்களை எதிர்த்துக் கணக்குக் கேட்க முடியுமா? உங்கள் தரவை மற்றவர் சரிபார்க்கத் தருவீர்களா?' இவற்றைத்தான் கேட்க வேண்டும்.

இது உங்கள் மானத்தைப் பற்றியது

இனி விசாரணை அறைக்கு வருவோம்.

'பிரெய்ன் மேப்பிங்' என்ற சொல்லை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெரிய வழக்கு என்றாலே பத்திரிகைகளில் அடிபட்ட சொல். தலையில் மின்முனைகளைப் பொருத்தி, குற்றத்தைப் பற்றிய வாசகங்களைக் கேட்க வைத்து, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்வார்கள். 'இவனுக்கு அந்தச் சம்பவம் நேரடி அனுபவமாக நினைவிருக்கிறது' என்று அறிக்கை தருவார்கள். எம்.ஆர்.ஐ. வேறு, இது வேறு. ஆனால் 'மூளையே சொல்லிவிட்டது' என்ற மயக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான். 2008 ஜூனில் புனே நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் ஒரு பெண்ணைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தபோது இந்தச் சோதனை அறிக்கையையும் ஆதாரமாக எடுத்துக் கொண்டது. உலக அறிஞர்கள் அதிர்ந்தார்கள்.

அதே 2008ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் இயக்குநர் தலைமையிலான வல்லுநர் குழு, இந்தச் சோதனைக்குப் போதிய அறிவியல் அடிப்படை இல்லை என்று சொன்னது. 2010 மே 5 அன்று உச்சநீதிமன்றம், செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் தெளிவாகத் தீர்ப்பளித்தது: நார்கோ சோதனை, பொய் கண்டறியும் சோதனை, பிரெய்ன் மேப்பிங் ஆகிய எதையும் ஒருவரின் சம்மதம் இல்லாமல் அவர் மீது நடத்தக் கூடாது!

இப்போது புரிகிறதா? நாற்காலியில் இருப்பவர் யார் என்பதில் எவ்வளவு இருக்கிறது! அரசும் காவல்துறையும் ஆவலோடு பயன்படுத்திய ஒரு சோதனையை, 'இது அறிவியல் அல்ல' என்று சொல்லும் துணிவும் தகுதியும் தலைமையில் இருந்தவருக்கு வேண்டியிருந்தது. அந்த இடத்தில் தலையாட்டும் பொம்மை ஒன்று இருந்திருந்தால்? சட்டத்தின் பெயரால் சந்தேகத்துக்கு ஆளாகும் இளைஞர்கள் எந்தச் சமுதாயத்தில் அதிகம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாளை எம்.ஆர்.ஐ. படத்தையே நீட்டி 'இது பொய் சொல்லும் மூளை' என்று எவராவது கிளம்பினால், 'நிறுத்து! காலித் தராசைக் காட்டு!' என்று சொல்லப் போகிறவர் யார்? அந்த மனிதரைத் தேடுவதைப் பற்றித்தான் இவ்வளவு நேரம் பேசிக் கொண்டிருக்கிறோம்.

வியாபாரப் பெருமக்களுக்கு

"அப்படிப்பட்டவர் கேட்கும் சம்பளத்துக்கு எங்கே போவது?" என்கிறீர்களா? பல கோடிக்குக் காந்தம் வாங்கத் தயங்காத கை, அதை இயக்கும் அறிவுக்குக் கொடுக்கும்போது மட்டும் ஏன் நடுங்குகிறது? திறமையான கணக்குப்பிள்ளை இல்லாமல் பத்து இலட்ச ரூபாய் கடையையே நீங்கள் திறக்க மாட்டீர்களே!

கொடுக்கும் மரபு நமக்குப் புதிதல்ல. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919ல் எழுந்தது. திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியும் சென்னை நியூ கல்லூரியும் 1951ல் எழுந்தன. தோல் மண்டிகளிலும் கடைவீதிகளிலும் சம்பாதித்த பணம் கல்வியாக மாறியது. அன்று அது போதும். இன்று கல்லும் மணலும் மட்டும் போதாது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள மார்ட்டினோஸ் மூளைப்பட மையம் கிரேக்கக் கப்பல் வணிகக் குடும்பம் ஒன்று, இறந்துபோன தம் மகளின் நினைவாகத் தந்த கொடையில் வளர்ந்தது. அவர்கள் பொட்டல் நிலத்தில் வளைவு கட்டவில்லை. 1990களின் தொடக்கத்திலேயே இந்தத் துறையில் சாதித்த குழு இருந்த இடம் பார்த்துப் பணத்தைப் போட்டார்கள்.

தூரத்தில் ஏன் தேட வேண்டும்? சென்னை ஐ.ஐ.டி.யிலேயே பாருங்கள். இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஷ் கோபாலகிருஷ்ணன் தந்த கொடையில் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் நடக்கிறது. கருவில் வளரும் பருவத்து மனித மூளையை 5,132 மெல்லிய வெட்டுகளாகப் படமாக்கி 2024 டிசம்பரில் உலகம் முழுவதும் இலவசமாகப் பார்க்கத் தந்தார்கள். இதற்குத் தலைமை தாங்கியவர் மோகனசங்கர் சிவப்பிரகாசம். அவர் டாக்டர் அல்ல, மின்பொறியியல் பேராசிரியர்!

ஆகவே கொடுப்பவர்களுக்கு மூன்று வேண்டுகோள். முதலாவது, கட்டடத்துக்கு ஒரு பங்கு கொடுத்தால் தலைவரின் இருக்கைக்கும் அவருடைய ஆய்வு மாணவர்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். அதை நிரந்தர வைப்பாக வையுங்கள். இரண்டாவது, கொடுத்துவிட்டோம் என்பதற்காகத் தேர்வுக் குழுவில் மருமகனை உட்கார வைக்காதீர்கள். துறை அறிந்தவர்கள் தேடட்டும். வெளிப்படையாக விளம்பரம் செய்து, வெளிநாட்டிலும் தேடட்டும். மூன்றாவது, வந்தவரை ஐந்து ஆண்டாவது வேலை செய்ய விடுங்கள். விதை போட்ட மறுநாளே தோண்டிப் பார்ப்பவன் அறுவடை காணமாட்டான்.

இளைஞர்களுக்கு

தம்பிகளே, தங்கைகளே! மருத்துவ இடம் கிடைக்கவில்லை என்று வீட்டு மூலையில் முடங்கிக் கிடக்கிறீர்களா? எழுந்திருங்கள்! சோ சாங் ஹீ படித்தது மின்னணுவியல். உகுர்பில் படித்தது இயற்பியல். இந்தத் துறைக்கு இயற்பியல், மின்பொறியியல், கணிதம், புள்ளியியல், கணிப்பொறி, உளவியல் ஆகிய எல்லா வாசல்களும் திறந்திருக்கின்றன. செத்த மீனின் குட்டை உடைத்தது புள்ளியியல்தான் என்பதை மறந்து விடாதீர்கள்.

தலைவர் என்பவர் ஒரே நாளில் வானத்திலிருந்து இறங்குவதில்லை. ஆக்ஸ்போர்டில் 1998ல் மூளைப்பட மையம் தொடங்கியபோது அதை நிறுவியவர்களுள் ஒருவராக இருந்தார் ஐரீன் டிரேசி என்ற இளம் பெண். பிறகு அதே மையத்துக்கு இயக்குநர் ஆனார். 2023ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தர் ஆனார். நல்ல தலைவர், தமக்குப் பின் நாற்காலியில் அமரப் போகிறவர்களை முதல் நாளிலிருந்தே வளர்க்கிறார். அப்படி வளரும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்களா? இன்று இயற்பியல் வகுப்பில் அமராதவன், இருபது ஆண்டு கழித்து 'எங்களுக்கு ஏன் தலைமை தரவில்லை?' என்று சாலையில் நின்று கேட்டுப் பயனில்லை.

முடிவாக ஒன்று. அடுத்த முறை உங்கள் ஊர்க் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ புதிய ஆய்வு மையம் திறப்பதாகச் சுவரொட்டி பார்த்தால், எத்தனை கோடிக் கட்டடம் என்று கேட்காதீர்கள். 'யாரைத் தேடினீர்கள்? எங்கே தேடினீர்கள்? ஏன் அவர்?' என்று கேளுங்கள். மேடையில் இருப்பவர்கள் விழிப்பார்கள். விழிக்கட்டும்!

காந்தத்துக்கு விலைப்பட்டியல் உண்டு. "இது பொய்" என்று தன் இயந்திரத்தைப் பார்த்தே சொல்லும் நாக்குக்கு விலைப்பட்டியல் கிடையாது. அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தேடுவோமா?